கோர்ட்டில் முடியாத வழக்கு: ஐவர்சனா, நேஷா?

தண்டையார்பேட்டையில் நாங்கள் கூடைப்பந்து ஆடுகிற சிமென்ட் கோர்ட்டில் ஒரு பக்கத்து ரிங் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். வலை எப்போதோ போய்விட்டது. மூன்று பாயிண்ட் கோட்டை நாங்களே காசு போட்டு பெயின்ட் வாங்கி அடித்தோம், அதுவும் ஒரு பக்கம் கோணல். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆட்டம், ஆட்டம் முடிந்தால் சுவரில் உட்கார்ந்து வாக்குவாதம். அந்தச் சுவரில் பத்து வருடத்துக்கு மேலாகத் தீராத பஞ்சாயத்து ஒன்று உண்டு: ஆலன் ஐவர்சன் பெரிய கார்டா, ஸ்டீவ் நேஷ் பெரிய கார்டா. (கார்டு என்றால் வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவந்து ஆடுகிற, டீமில் உயரம் குறைந்த ஆள்.)

ஐவர்சன் கட்சிக்குத் தலைவர் ஹார்பரில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர். "ஆறடி ஆளுடா அவன். சுத்தி எல்லாம் பனைமரம் மாதிரி நிக்கறானுங்க, நடுவுல பூந்து போய் அடிக்கிறான். மேட்சுக்கு 42 நிமிஷம் ஓடறான். உன் ஆளு 34 நிமிஷம் ஆடிட்டு தரையில படுத்துக்கறான்" என்பார். நேஷ் கட்சிக்கு ஒரு காலேஜ் தம்பி. போனைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவான். "ண்ணா, உங்க ஆளு நூறு ஷாட் போட்டா 58 வெளிய போகுது ண்ணா. அதுக்குப் பேரு வீரமா?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சிக்கல் என்னவென்றால் ஒருவர் ஸ்டாமினாவைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவன் கணக்கைப் பற்றிப் பேசுகிறான், இரண்டையும் சேர்த்தால்தான் டீமுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கே வர முடியும், அங்கே இரண்டு பேருமே வருவதில்லை. எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஏன் இந்த இரண்டு பேர்? ஒரே பேட்ச் என்பதால். 1996-ல் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நாளில், முதல் ஆளாக பிலடெல்பியா சிக்ஸர்ஸ் எடுத்தது ஐவர்சனை. பதினைந்தாவது ஆளாக ஃபீனிக்ஸ் சன்ஸ் எடுத்தது நேஷை. (நடுவில் பதின்மூன்றாவதாக கோபி பிரையன்ட் என்று ஒரு பையன் போனான், அது வேறு கதை.) ஐவர்சன் 2001-ல் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது), நேஷ் 2005, 2006 என்று அடுத்தடுத்து இரண்டு முறை எம்விபி. இரண்டு பேரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஆட்டக்காரராகக் கோப்பையோ அதோடு தருகிற மோதிரமோ வாங்கியதில்லை. அதனால் "என் ஆள் மோதிரம் போட்டிருக்கான்" என்று யாரும் யார் வாயையும் அடைக்க முடியாது. பேசித்தான் ஆக வேண்டும்.

சரி, ஸ்டாமினா. என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஐவர்சன் எம்விபி வாங்கிய 2000-01 சீசனில் ஒரு மேட்சுக்குச் சராசரியாக 42 நிமிடம் ஆடினார். ஆறு நிமிடம்தான் பெஞ்ச். அந்த வருடத்து பிளே ஆஃப் (சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கிற தொடர்கள்) 22 மேட்சுகளில் இன்னும் மோசம், சராசரி 46 நிமிடத்தைத் தாண்டியது, அதாவது பெஞ்சில் உட்கார்ந்த நேரம் டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. வாழ்நாள் சராசரியே 41.1. நேஷ் நடுவில் டல்லாஸில் ஆடிவிட்டு சன்ஸுக்குத் திரும்பி வந்து முதல் எம்விபி வாங்கிய 2004-05-ல் 34.3 நிமிடம். வாழ்நாள் சராசரி 31.3.

இதோடு நிறுத்தினால் அண்ணன் ஜெயித்துவிட்டார். ஆனால் நான் ஒருநாள் சும்மா இருக்காமல் மொத்த நிமிடங்களைப் பெருக்கிப் பார்த்தேன். ஐவர்சன் 914 மேட்ச், நேஷ் 1,217 மேட்ச். ஐவர்சன் மொத்தம் ஆடியது சுமார் 37,500 நிமிடம். நேஷ் சுமார் 38,000. தரையில் படுத்துக்கொண்ட ஆள்தான் கடைசிக் கணக்கில் கொஞ்சம் அதிகமாக ஆடியிருக்கிறார்! ஐவர்சனின் கடைசி என்பிஏ மேட்ச் 2010-ல், 34 வயதில். நேஷ் 40 வயது வரை யூனிஃபார்ம் போட்டார். கடைசி இரண்டு வருடம் லேக்கர்ஸில் காலும் நரம்பும் படுத்தி எடுத்து ஒன்றுமில்லாமல் போனது, ஆனால் அதற்கு முந்தைய சீசன் வரைக்கும் மேட்சுக்குப் பத்து அசிஸ்டுக்கு (பாஸ்கெட்டாக முடிகிற பாஸ்) மேல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் அண்ணன் பாதி கிண்டல் செய்வார். நேஷுக்கு முதுகெலும்பில் ஒரு எலும்பு இடம் நழுவுகிற கோளாறு உண்டு. உட்கார்ந்தால் முதுகும் தொடையும் இறுகிவிடும், மறுபடி எழுந்து ஓடும்போது பிடிக்கும். அதனால் கோச் வெளியே கூப்பிட்டதும் பெஞ்ச் பக்கத்தில், தலைக்கு எதையாவது வைத்துக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்துவிடுவார். டிவியில் பார்த்தால் மேட்ச் நடக்கும், ஓரத்தில் ஒரு ஜோடி ஷூ மட்டும் தெரியும். கோச் கூப்பிட்டால் எழுந்து வந்து, பந்தை வாங்கி, ஏதோ அதுவரை ஆடிக்கொண்டே இருந்தவர் மாதிரி அடுத்த பாஸைக் கொடுப்பார். சோம்பேறித்தனம் இல்லை அது, பராமரிப்பு. பழைய லாரியை வைத்து ஓட்டுகிறவர்களுக்குப் புரியும்.

நிமிடம் எல்லாம் ஒரே எடையும் இல்லை. 2004-05-ல் லீகிலேயே வேகமாக ஆடிய டீம் சன்ஸ். கோச் மைக் டி'ஆன்டோனி, ஷாட் போடத் தருகிற 24 விநாடி கடிகாரத்தில் ஏழு விநாடிக்குள் ஷாட் போக வேண்டும் என்கிற ஆட்டம். அங்கே ஒரு நிமிடத்தில் ஓடுகிற தூரம் வேறு. ஆனால் ஐவர்சனின் நிமிடத்தில் அடி அதிகம். ஆறடி உயரம், 75 கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ரிங்குக்கு அடியில் நிற்கிற ஏழடிக்காரன் மேல் போய் விழுவார், எழுவார், ஃபௌலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ போடுவார். அந்த 2000-01-ல் மேட்சுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, அதாவது குறைந்தது நான்கைந்து முறை யாரோ ஒருவன் அவரைக் காற்றில் வைத்து அடித்திருக்கிறான். அதோடு ஒரு சீசனுக்கு 82 மேட்ச். அடி அதிகம் என்பதால்தான் அந்த வருடம் 11 மேட்சில் அவரால் ஆட முடியவில்லை.

கடல் ஓரத்தில் ஆடுகிற எங்களுக்கு இது கொஞ்சம் உடம்பில் தெரியும். மே மாதம் காசிமேட்டுப் பக்கத்துக் காற்றில் வியர்வை காயவே காயாது, பத்து நிமிடத்தில் பந்தே வழுக்கும். மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், ஆனால் முதலில் போவது கால். கால் போனால் ஷாட் குட்டையாகி ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பும். நல்லா ஆடுகிற பையன்கூட ஆறரை மணிக்குப் போட்டதை ஏழரைக்குப் போட முடியாது. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டாமினா ஒரு பக்கம், எஃபிஷியன்ஸி ஒரு பக்கம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு மார்க் போடுகிறார்களே, அது தப்பு. ஒன்று இன்னொன்றைத் தின்னும்.

எஃபிஷியன்ஸி என்றால் என்ன? காசிமேட்டில் ஒரு படகு பத்துக் கூடை மீன் கொண்டுவந்தது என்றால் கரையில் நிற்கிறவன் கைதட்டுவான். படகு ஓனர் கேட்பது வேறு: எத்தனை லிட்டர் டீசல் போட்டாய்? கூடைப்பந்தில் பாயிண்ட்தான் மீன், ஷாட்தான் டீசல். ஐவர்சன் அந்த சீசனில் மேட்சுக்கு 31.1 பாயிண்ட், லீகிலேயே அதிகம். அதற்கு அவர் போட்டது மேட்சுக்கு 25 ஷாட்டுக்கு மேல், அதில் உள்ளே போனது 42 சதவீதம்.

வெறும் சதவீதத்தை வைத்து மட்டும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் மூன்று பாயிண்ட் ஷாட்டுக்கு மதிப்பு அதிகம், ஃப்ரீ த்ரோவும் கணக்கில் வர வேண்டும். அதனால் ட்ரூ ஷூட்டிங் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த பாயிண்டை எடுத்து, போட்ட ஷாட்டோடு ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைச் சேர்த்து, அதை இரண்டால் பெருக்கி, வகுக்க வேண்டும். அது என்ன 0.44, பாதி என்று 0.5 வைத்தால் என்ன என்று தம்பியையே ஒருநாள் கேட்டேன், முழித்தான். விஷயம் சின்னது. எல்லா ஃப்ரீ த்ரோவும் ஜோடியாக வருவதில்லை. பாஸ்கெட்டும் விழுந்து ஃபௌலும் கிடைத்தால் ஒன்று மட்டும் வரும், மூன்று பாயிண்ட் ஷாட்டில் அடித்தால் மூன்று வரும், டெக்னிக்கல் ஃபௌலுக்குத் தனியாக ஒன்று வரும். எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் ஒரு ஃப்ரீ த்ரோ சராசரியாக 0.44 வாய்ப்பைத்தான் செலவு செய்கிறது.

இந்தக் கணக்கில் ஐவர்சனின் வாழ்நாள் எண் 51.8 சதவீதம். நேஷுக்கு 60.5. அதாவது ஆளுக்கு நூறு வாய்ப்பு கொடுத்தால் ஐவர்சன் 104 பாயிண்ட் கொண்டுவருவார், நேஷ் 121. பதினேழு பாயிண்ட் வித்தியாசம் என்பது சின்ன விஷயமே இல்லை. நேஷ் வெறும் ஷூட்டராக மட்டும் பார்த்தாலே வரலாற்றில் முதல் வரிசை. ஷாட்டில் 50 சதவீதம், மூன்று பாயிண்டில் 40, ஃப்ரீ த்ரோவில் 90, இந்த மூன்றையும் ஒரே சீசனில் தாண்டுவது அபூர்வம், அதை அவர் நான்கு முறை செய்தார். 2006-07-ல் ஐந்தாவதும் வந்திருக்க வேண்டியது, ஃப்ரீ த்ரோ 89.9-ல் நின்றுவிட்டது. வருடம் முழுவதும் சேர்த்து இன்னும் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்திருந்தால் போதும். எனக்கே வயிறு எரிகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

இங்கே தம்பி ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். இல்லை. அந்த 2000-01 சிக்ஸர்ஸ் டீமைப் பாருங்கள். கோச் லாரி பிரவுன் ஒரு வேலை செய்தார். ஐவர்சனைப் பந்து கொண்டுபோகிற வேலையிலிருந்து எடுத்து ஷூட்டிங் கார்டாக மாற்றி, எரிக் ஸ்னோ என்கிற பெரிய உடம்புக்கார பாயிண்ட் கார்டைப் பக்கத்தில் நிறுத்தினார். எதிராளியின் உயரமான கார்டை ஸ்னோ பார்த்துக்கொள்வார். சீசன் நடுவில் அட்லாண்டாவிலிருந்து டிகெம்பே முட்டோம்போ வந்தார், ரிங்குக்கு முன்னால் சுவர். டீம் முழுவதும் தடுக்கிறவர்கள், ரீபவுண்ட் (இடித்துத் திரும்புகிற பந்து) எடுக்கிறவர்கள். பாஸ்கெட் போடத் தெரிந்த ஆள் என்று சொன்னால் ஐவர்சன், அப்புறம் கொஞ்சம் ஏரன் மெக்கீ. அந்த வருடம் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், சிறந்த ஆறாவது ஆள் (பெஞ்சிலிருந்து இறங்குகிறவர்), சிறந்த கோச் என்று நான்கு விருதும் அந்த ஒரே டீமுக்குப் போனது. 56 வெற்றி.

இப்போது அதே காசிமேட்டுக்கு வாருங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, கரையோரமாகப் போகிற ஃபைபர் படகுகள்தான் கடலில் இருக்கும். அந்த நாளில் ஃபைபர் படகுக்காரன் கொண்டுவருகிற மீனைப் பார்த்து "டீசல் அதிகம் செலவாச்சே" என்று யாராவது கேட்பார்களா? அவன் போகவில்லை என்றால் மீனே இல்லை. கடிகாரத்தில் நான்கு விநாடி இருக்கும்போது, வேறு யாராலும் ஷாட் உருவாக்க முடியாத டீமில், பந்து யாரிடம் வரும்? அந்தக் குப்பை ஷாட் எல்லாம் ஐவர்சன் கணக்கில்தான் எழுதப்படும். அப்படி எல்லாம் எழுதியும் அந்த வருடம் அவருடைய ட்ரூ ஷூட்டிங் கிட்டத்தட்ட லீக் சராசரிதான். இத்தனை சுமையோடு சராசரியில் நிற்பது என்பது, தம்பி, கேவலம் கிடையாது.

காலமும் வேறு. 2001 வரை லீகில் ஸோன் டிஃபென்ஸ், அதாவது ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கிற தடுப்பு, ஆடக் கூடாது, ஒருவரோடு ஒருவர் மோதுகிற ஆட்டம், ஸ்கோரும் குறைவு. 2004-05-லிருந்து கார்டுகளின் இடுப்பில் கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கறாராக ஊத ஆரம்பித்தார்கள். நேஷின் பொற்காலம் தொடங்குவது சரியாக அந்த சீசனில். அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காற்று அவர் பக்கம் வீசியது.

ஐவர்சனுக்குச் சுமை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2006 டிசம்பரில் அவர் டென்வருக்குப் போனார், அங்கே பாயிண்ட் போடுகிற இன்னொரு பெரிய ஆள், கார்மெலோ ஆன்தனி. 2007-08-ல் 32 வயதில் 82 மேட்சும் ஆடினார், ஷாட் எண்ணிக்கை மேட்சுக்கு இருபதுக்குக் கீழே வந்தது, சதவீதம் 42-லிருந்து கிட்டத்தட்ட 46 ஆனது, பாயிண்ட் அப்படியும் 26.4. பக்கத்தில் இன்னொரு படகு வந்ததும் டீசல் செலவு இறங்கிவிட்டது.

இனி இந்த வழக்கிலேயே எனக்குப் பிடித்த இடம். இரண்டு 48.

முதலாவது, 2001 ஃபைனல்ஸ் முதல் மேட்ச், லாஸ் ஏஞ்சலஸ். லேக்கர்ஸ் அதுவரை அந்த பிளே ஆஃபில் 11 மேட்ச் ஆடி ஒன்றுகூடத் தோற்கவில்லை. நமக்கு இங்கே காலை நேரம். ஐவர்சன் 52 நிமிடம் ஆடினார், ஓவர் டைம் உட்பட. 41 ஷாட், 18 உள்ளே, 23 வெளியே, ஃப்ரீ த்ரோ ஒன்பதுக்கு ஒன்பது. 48 பாயிண்ட். சிக்ஸர்ஸ் 107, லேக்கர்ஸ் 101. ஓவர் டைமில் வலது ஓரத்தில் டைரன் லூவை ஏமாற்றிப் பின்னால் நழுவி ஒரு ஷாட் போட்டு, கீழே விழுந்து கிடந்த லூவின் மேல் காலைத் தூக்கித் தாண்டிப் போனாரே, அந்த மேட்ச். எங்கள் அண்ணன் இன்றைக்கும் லே-அப் (ரிங்குக்கு அடியில் ஓடிப் போய்ப் போடுகிற ஷாட்) போட்டுவிட்டு அந்தத் தாண்டலைச் செய்து காட்டுவார், கீழே யாரும் இருக்க மாட்டார்கள். லேக்கர்ஸ் அந்த பிளே ஆஃபில் தோற்ற ஒரே மேட்ச் அதுதான், அடுத்த நான்கையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, 2005, இரண்டாவது ரவுண்ட், நான்காவது மேட்ச். சன்ஸ் எதிரே டல்லாஸ், அதாவது போன வருடம் வரை நேஷ் இருந்த டீம், வயசாகிவிட்டது, முதுகு தாங்காது என்று கணக்குப் போட்டு விட்டுக்கொடுத்த டீம். நேஷை நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் போட்ட திட்டம் எளிமையானது: நேஷ் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், மற்ற நான்கு பேருக்குப் பந்து போகக் கூடாது. நேஷ் 48 பாயிண்ட் போட்டார், 28 ஷாட்டில் 20 உள்ளே. அசிஸ்ட் ஐந்துதான். சன்ஸ் 119-109 என்று தோற்றது. சன்ஸின் முக்கிய ஆட்டக்காரர் ஜோ ஜான்சன் இரண்டாவது மேட்சில் முகத்தில் அடிபட்டு வெளியே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. இரண்டு மேட்ச் கழித்து, ஆறாவது மேட்சில், 39 பாயிண்ட், 12 அசிஸ்ட், 9 ரீபவுண்ட், கடைசி விநாடிகளில் மூன்று பாயிண்ட் போட்டு ஓவர் டைமுக்கு இழுத்து, 130-126 என்று ஜெயித்துத் தொடரையே முடித்தார்.

ஒரே எண். ஒருவர் 23 ஷாட்டை வெளியே போட்டு ஜெயிக்கிறார், இன்னொருவர் எட்டை மட்டும் விட்டுத் தோற்கிறார். எஃபிஷியன்ஸி எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் ஆடுகிறவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள். ஐவர்சனை ஷாட் போட விடாமல் செய்வதுதான் எதிராளியின் கவலை. நேஷை ஷாட் போட வைப்பதுதான் எதிராளியின் ஆசை. அவருடைய 60 சதவீதத்தைவிடப் பெரிய சொத்து, அவர் போடாமல் விட்ட ஷாட்தான்.

அது எப்படி வேலை செய்தது என்று ஒரே ஒரு ஆட்டத்தை மெதுவாகப் பாருங்கள். சன்ஸின் பெரிய ஆள் ஸ்டவுடமையர் மேலே வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது நேஷைத் தடுக்கிறவன் வழியில் நின்று மறிக்கிறார். நேஷ் அவர் தோளை உரசிக்கொண்டு உள்ளே போகிறார், தடுக்கிறவன் பின்னால் மாட்டிக்கொள்கிறான், ஸ்டவுடமையரைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர் டீம் ஆள் நேஷ் பக்கம் ஒரு அடி வைக்கிறான். சாதாரண கார்டு அங்கே ஷாட் போடுவான் அல்லது டிரிப்பிளிங்கை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிடுவான், பிடித்தால் கதை முடிந்தது. நேஷ் பிடிக்க மாட்டார். தட்டிக்கொண்டே ரிங்குக்கு அடியில் போய், எண்ட் லைனை ஒட்டி நடந்து, மறுபக்கம் வெளியே வருவார். அந்த இரண்டு மூன்று விநாடியில் ஐந்து பேரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், எவனாவது ஒருவன் தன் ஆளை மறப்பான். பந்து அங்கே போகும், பெரும்பாலும் ஒற்றைக் கையில், பார்க்காமலே.

சரி, டீமுக்கு லாபம். நேஷ் வருவதற்கு முந்தைய சீசனில் சன்ஸ் ஜெயித்தது 29. அவர் வந்ததும் 62. அவர் அடிபட்டு உட்கார்ந்த ஏழு மேட்சில் இரண்டுதான் ஜெயித்தார்கள். அதிலும் பெரிய சாட்சி அடுத்த வருடம். ஜோ ஜான்சன் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார், ஸ்டவுடமையர் முழங்கால் ஆபரேஷனால் மூன்றே மூன்று மேட்ச். டீமில் பாதி காலி. அட்லாண்டாவில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த போரிஸ் டியாவ் மாதிரி ஆட்களை வைத்து 54 வெற்றி, டியாவுக்கு அந்த வருடம் அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருது. சன்ஸின் அட்டாக் அந்த வருடங்களில் எல்லாம் லீகில் முதல் இடத்திலோ அதை ஒட்டியோதான் இருந்தது.

எதிர்க்கட்சியின் வாதமும் இருக்கிறது, அண்ணனுக்கு இது தெரியாது, நானே எடுத்துக் கொடுக்கிறேன்: நேஷ் போன பிறகு டல்லாஸ் கெட்டுப்போகவில்லை. 52-லிருந்து 58 வெற்றிக்கு ஏறியது, 2006-ல் ஃபைனல்ஸுக்கே போனது. சன்ஸ் நேஷோடு ஒருமுறைகூட ஃபைனல்ஸைத் தொடவில்லை. தடுப்பாட்டத்தில் நேஷ் வீக், அவரை எங்கே ஒளித்து வைப்பது என்று கோச் தினமும் யோசிக்க வேண்டும். ஐவர்சன் மூன்று வருடம் தொடர்ந்து ஸ்டீலில் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) லீகில் முதல். குதித்துக் குதித்து சூதாடுகிற ஸ்டீல்தான், தப்பினால் பின்னால் முட்டோம்போ பார்த்துக்கொள்வார் என்கிற தைரியம், ஆனாலும் ஸ்டீல் ஸ்டீல்தான்.

ஆனால் ஐவர்சனுக்கு எதிராக இருக்கிற சாட்சி இதைவிடக் கனம். 2008 நவம்பரில் டென்வர் அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டு சான்சி பில்லப்ஸை வாங்கியது. பில்லப்ஸ் அமைதியான, பந்தைச் சரியான இடத்தில் வைக்கிற கார்டு. முந்தைய வருடம் 50 ஜெயித்த டென்வர் 54 ஜெயித்து மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. முந்தைய வருடம் 59 ஜெயித்த டெட்ராய்ட் 39-க்கு விழுந்தது. ஐவர்சனைப் பெஞ்சிலிருந்து சப்பாக இறங்கச் சொன்னார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை, முதுகு வலி என்று சீசனின் கடைசிப் பகுதியில் ஆடவே இல்லை. ஆமாம், முதுகு. டெட்ராய்ட் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீம், அங்கே தடைக்காலம் இல்லை, எல்லாப் படகும் கடலில் இருந்தது. தனியாளாகப் பத்து வருடம் சுமந்த ஆளுக்கு நடுவில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வயதும் 33.

என் கட்சி இதுதான். டீம் ஒன்றுமே இல்லாத டீம், தடுக்கத் தெரியும், ரீபவுண்ட் தெரியும், பாஸ்கெட் போடத் தெரியாது என்றால் ஐவர்சன் அந்த டீமை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவார், நேஷால் அது முடியாது, ஏனென்றால் நேஷின் பாஸை வாங்கிப் போட ஆள் வேண்டும். கொஞ்சமாவது போடத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால்கூட நான் நேஷைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். ஸ்டாமினா விஷயத்தில் ஒரு மேட்சுக்கு ஐவர்சன், பதினெட்டு சீசனுக்கு நேஷ். எஃபிஷியன்ஸியில் நேஷ், ஆனால் ஐவர்சனின் எண்ணை அவர் சுமையோடு சேர்த்துப் படிக்காதவன் பாதிதான் படித்திருக்கிறான்.

இதைப் போன வாரம் சுவரில் உட்கார்ந்து சொல்லி முடித்ததும் அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து, "வா, மூணு பேர், பதினொண்ணு" என்றார். எங்கள் கோர்ட்டில் ஜெயித்த டீம் நிற்கும், தோற்ற டீம் வெளியே. ஆள் பிரிக்கும்போது இரண்டு பையன்கள் பாக்கி. ஒருவன் வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பால் ஆடுகிறவன், ஷாட் சுமார், ஆனால் நிறுத்தாமல் ஓடுவான். இன்னொருவன் கண்ணாடி போட்ட ராயபுரத்துப் பையன், ஓட மாட்டான், பாஸ் மட்டும் ஊசி மாதிரி போகும். அண்ணன் ஃபுட்பால் பையனை எடுத்தார். "எனக்கு முட்டி போச்சு, இதோ இவன் தொப்பைய பாரு. யாராச்சும் ஓடணும்ல" என்றார்.

கண்ணாடிக்காரன் என் பக்கம், மூன்றாவது ஆள் தம்பி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பையன் ரிங்குக்குக் கீழே ஆளே இல்லாத இடத்தில் என் கையில் மூன்று முறை பந்தை வைத்தான். இரண்டை நான் விட்டேன். தம்பி ஒரு லே-அப்பைப் போர்டுக்கு மேலேயே அடித்தான். அந்தப் பக்கம் ஃபுட்பால் பையன் பத்து ஷாட் விட்டு, விட்டதையெல்லாம் அவனே ஓடிப் பிடித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.

11-8. நாங்கள் வெளியே போய் சுவரில் உட்கார்ந்தோம். தம்பி போனை எடுக்கவே இல்லை. அண்ணன் கோர்ட்டின் நடுவில் யாரும் இல்லாத இடத்தில் காலைத் தூக்கித் தாண்டினார்.